மதராஸில் கல்யாணம்... மகுடம் அம்போ!

எங்கள் ராஜபாளையத்தில் ராஜாக்களுக்குப் பஞ்சமே கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு 'ராஜா!' என்று ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்கள். பத்துப் பேராவது திரும்புவார்கள். அதில் ஒருத்தர் மில்லில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவராக இருப்பார். ஒருத்தர் மளிகைக்கடை. ஒருத்தர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் (இவரிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்). யார் தலையிலும் கிரீடம் இருக்காது. முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவே தன் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன ஊர் இது.

ஆனால் பரம்பரை, வம்சம் என்று பேச்சு வந்துவிட்டால் விட்டுக்கொடுக்க மாட்டோம். எங்கள் ஊர் நாய்க்கே வம்சாவளி பார்ப்பவர்கள் நாங்கள். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, அப்பன் யார், ஆத்தா யார் என்று விசாரித்துவிட்டுத்தான் குட்டிக்கு விலை பேசுவோம். ஆத்தாக்காரி பக்கத்துத் தெருப் பக்கம் கொஞ்சம் பராக்குப் பார்த்துவிட்டு வந்திருந்தால், குட்டி விலை பாதிக்குப் பாதி அவுட்.

நாய்க்கே இப்படியென்றால், பிள்ளைக்கு?

என் நண்பன் ஒருத்தன். பெயர் வேண்டாம், வீட்டில் இன்னும் பிரச்னை ஓடிக்கொண்டிருக்கிறது. மில் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். என்னோடு பி.காம். படித்தவன். ஆறு வருஷத்துக்கு முன் வேறு ஜாதியில் ஒரு பெண்ணைப் பிடித்து, ரிஜிஸ்தர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டான். சாட்சிக் கையெழுத்து அடியேன். அன்றைக்கு ராத்திரியே அவன் அப்பா, 'எனக்கு ஒரே பையன்தான்' என்று தெருவில் நின்று அறிவித்துவிட்டார். அந்த ஒரே பையன், இவனுடைய அண்ணன். ஒரு அக்காவும் உண்டு, சிவகாசியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மலையடிவாரத்தில் தாத்தா காலத்து மாந்தோப்பு ஒன்று. இப்போது அந்தத் தோப்பு கோர்ட்டில் இருக்கிறது.

கோர்ட் என்றால் எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஏறினால் பத்துப் பதினோரு கிலோமீட்டர். மாவட்டத்துக்கு விருதுநகர் என்று பெயர் இருந்தாலும் ஜில்லா கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். போன வாரம் வாய்தாவுக்கு இவன் துணைக்குக் கூப்பிட்டான். போனேன். (சாட்சிக் கையெழுத்துப் போட்டவனுக்குத் தண்டனை உண்டுதானே!)

பஸ்ஸில் அவன் பேசவேயில்லை. ஊர் நெருங்கி ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததும், "இந்த ஊர்ல போய்க் காதல் கல்யாணத்துக்கு கேஸு நடத்துறேன் பாரு" என்றான். நியாயம்தான். 'கட்டினால் ரங்கநாதரைத்தான் கட்டுவேன்' என்று ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்று சாதித்த ஊர். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பெரியாழ்வார் மாதிரி அப்பா எல்லாருக்கும் அமைவதில்லை.

கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தோம். கேஸ் நம்பர் எப்போது வருமோ, குமாஸ்தா அண்ணாச்சிக்கே தெரியாது. எதிர்ப் பக்கத்து பெஞ்ச்சில் அவன் அப்பா வந்து உட்கார்ந்தார். வேட்டி, துண்டு, மஞ்சப்பை. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மெலிஞ்சிட்டார்ல?" என்றான் நண்பன். நான் பதில் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஏதாவது பேசியாக வேண்டும். வேறொரு கட்டுரைக்காக ஊட்டி தோடர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒரு இளவரசர் மாட்டியிருந்தார். அவரை எடுத்துவிட்டேன்.

"மாப்ள, உன்னை மாதிரியே ஒருத்தர். கல்யாணத்தால வீட்டை விட்டுப் போனவர். கல்யாணம் நடந்தது எங்கே தெரியுமா? நம்ம மதராஸ்ல."

நிமிர்ந்தான்.

*

பெயர் பீட்டர். கிரீஸ் நாட்டுக்கும் டென்மார்க்குக்கும் இளவரசர். இரண்டு நாட்டுப் பட்டம் எப்படி என்று கேட்பீர்கள். 1863-ல் கிரேக்கர்கள் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டுமென்று தேடி, டென்மார்க்கிலிருந்து 17 வயசுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதலாம் ஜார்ஜ். அவருடைய இரண்டாவது மகன் இன்னொரு ஜார்ஜ். அந்த ஜார்ஜின் ஒரே மகன் பீட்டர். பிறந்தது 1908, பாரிஸில்.

நம் முறையில் சொன்னால் எளிது. பெரியப்பா பரம்பரைக்கு சிம்மாசனம். இவர் இரண்டாமவர் வீட்டுப் பிள்ளை. சித்தப்பா மகன் ஒருத்தர் இருக்கிறார், அவரை உங்களுக்குத் தெரியும். எலிசபெத் ராணியைக் கட்டிக்கொண்ட பிலிப்!

அப்பா ஜார்ஜ் லேசுப்பட்டவர் இல்லை. 1891-ல் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸோடு ஜப்பானுக்குப் போயிருந்தார். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரனே வாளை உருவி நிக்கோலஸின் தலையில் ஒரு போடு போட்டான். இரண்டாவது வெட்டைக் கைத்தடியால் தடுத்துக் காப்பாற்றியவர் ஜார்ஜ். ஊரான் பிள்ளைக்கு விழுந்த வெட்டைக் கம்பால் தடுத்த மனுஷர், சொந்தப் பிள்ளை விஷயத்தில் என்ன செய்தார் என்பது பின்னால் வரும்.

அம்மா இன்னும் விசேஷம். மேரி போனபார்ட். நெப்போலியன் வம்சம். போதாக்குறைக்கு, அம்மாவைப் பெற்ற தாத்தா மான்டி கார்லோவில் சூதாட்ட விடுதி நடத்திக் கொழித்தவர். ஆக பணத்துக்குக் குறைவில்லை. இந்த அம்மையார் சிக்மண்ட் ஃபிராய்டிடம் நோயாளியாகப் போய், சிஷ்யையாகி, கடைசியில் தானே மனோதத்துவ டாக்டராகிவிட்டார். 1938-ல் நாஜிகளிடம் பணத்தைக் கட்டி ஃபிராய்டை வியன்னாவிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த அம்மா வழியில்தான் சமாசாரமே இருக்கிறது. மேரியின் பூட்டனார் லூசியன், நெப்போலியனின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் சொன்ன ராஜகுமாரியை வேண்டாமென்று, 1803-ல் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். மறு வருஷம் சக்கரவர்த்தி ஆன நெப்போலியன், வாரிசு வரிசையிலிருந்து தம்பி பெயரை அடித்துவிட்டார். ஐரோப்பா முழுக்க அண்ணன் தம்பிகளுக்கு நாடு நாடாகப் பந்தி பரிமாறியவர், லூசியனுக்கு மட்டும் இலை போடவில்லை.

"ரத்தத்துலயே இருக்குன்னு சொல்லு" என்றான் நண்பன். சிரித்தான். ஆறு மாசத்தில் முதல் தடவை.

*

பீட்டர் லண்டனில் மானிடவியல் படித்தார். வாத்தியார் மாலினோவ்ஸ்கி, அந்தத் துறையில் பெரிய தலை. அந்தக் காலகட்டத்தில்தான் இரீனா என்ற ரஷ்யப் பெண்மணியைச் சந்தித்தார். ரஷ்யப் புரட்சியில் நாட்டைவிட்டு வந்த குடும்பம். ராஜகுடும்பம் இல்லை. ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்தானவர். பீட்டர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டில்.

1937-ல் இரண்டு பேரும் காரில் ஏறி ஆசியாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். (நாம் காரில் குற்றாலம் போவதற்கே வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.) பீட்டர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு பெண்ணுக்குப் பல கணவர்கள் இருக்கிற சமூகங்கள். லடாக், இலங்கை, மலபார் என்று சுற்றி, கடைசியில் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பார்த்தார்.

தோடர்களிடம் அப்போது அந்த வழக்கம் இருந்தது, இப்போது இல்லை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணப்பார்கள். அப்படியானால் பிறக்கிற குழந்தைக்கு அப்பா யார்? அதற்கு அருமையாக ஒரு வழி வைத்திருந்தார்கள். பெண் கர்ப்பமாக இருக்கும்போது, சகோதரர்களில் ஒருவர் காட்டுக் குச்சியில் சின்னதாக வில்லும் அம்பும் செய்து அவள் கையில் கொடுப்பார். கொடுத்தவர்தான் அப்பா. விஷயம் முடிந்தது. அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் அவரே, இன்னொருத்தர் வில் கொடுக்கிற வரைக்கும். கோர்ட் இல்லை, குமாஸ்தா இல்லை, வாய்தா இல்லை.

லடாக், திபெத்து மக்களிடம் பீட்டர் கவனித்தது இதைவிட முக்கியம். இருப்பதோ கைக்கடக்கமான வயல். மூன்று அண்ணன் தம்பிக்கு மூன்று கல்யாணம் பண்ணினால் மூன்று துண்டாகும். அடுத்த தலைமுறையில் ஒன்பது. கடைசியில் ஆளுக்கு ஒரு முழ வரப்பு. ஆகவே ஒரே கல்யாணம், ஒரே குடும்பம், ஒரே நிலம். பாகப்பிரிவினை என்ற பேச்சே கிடையாது.

"இந்தத் திட்டத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் பார் அசோசியேஷன் ஒத்துக்காது" என்றான் நண்பன். பக்கத்தில் நின்ற ஜூனியர் வக்கீல் ஒருத்தர் முறைத்தார்.

இப்படி, சொத்துப் பிரியாத குடும்பங்களைத் தேடித் தேடி எழுதிக்கொண்டிருந்த மனுஷர், 1939 செப்டம்பரில் சொந்தக் குடும்பத்தைவிட்டுப் பிரிந்தார். உலகப்போர் தொடங்கிய அதே மாதம். மதராஸில், டென்மார்க் கான்சல் அலுவலகத்தில், இரீனாவுடன் கல்யாணம். கிரீஸில் அப்போது ராஜா இரண்டாம் ஜார்ஜ், இவருக்குப் பெரியப்பா மகன். ராஜகுடும்பத்துப் பிள்ளை ராஜாவைக் கேட்காமல் கல்யாணம் பண்ணக்கூடாது. பீட்டர் கேட்கவில்லை. வாரிசு வரிசையிலிருந்து இவர் போனதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா ஜார்ஜ் பேச்சை நிறுத்திவிட்டார். ஜப்பானில் கம்பால் வெட்டைத் தடுத்தாரே, அதே ஜார்ஜ். 1957-ல் சாகிற வரைக்கும் மகனை மன்னிக்கவில்லை.

இந்த இடத்தில் நண்பன் எதிர் பெஞ்ச்சைப் பார்த்தான். பெரியவர் மஞ்சப்பையிலிருந்து தண்ணி பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

"அந்த ஆளு திரும்ப வீட்டுக்குப் போனாரா?"

"போருக்குப் போனார் மாப்ள."

கல்யாணத்துக்குப் பின் பீட்டர் கிரேக்க ராணுவத்தில் சேர்ந்தார். 1941 மே மாதம் கிரீட் தீவில் ஜெர்மன்காரர்கள் பாராசூட்டில் குதித்தபோது, ராஜா இரண்டாம் ஜார்ஜ் அங்கேதான் இருந்தார். ராஜாவைப் பிடித்துவிட்டால் கதை கந்தல். ஒரு சின்னக் கூட்டம் அவரை மலைமேல் ஏற்றி, தீவின் தென்கரைக்கு நடத்திக்கொண்டு போய், எகிப்துக்குக் கப்பலேற்றியது. அந்தக் கூட்டத்தில் பீட்டரும் ஒருத்தர். வீட்டில் இலை போடாத அண்ணனுக்கு வழித்துணை!

போர் முடிந்தது. மறுபடி ஆராய்ச்சி. 1949-ல் திரும்பவும் தோடர்கள். பிறகு திபெத்துக்குள் போவதற்காகக் கலிம்போங்கில் போய் உட்கார்ந்தார். ஏழு வருஷம் உட்கார்ந்தார். அனுமதி வரவேயில்லை. திபெத்து மக்கள் அகதிகளாகக் கலிம்போங்குக்கு வர வர, அவர்களிடமே விசாரித்து எழுதிக்கொண்டார், ஓலையும் ஏடும் சாமான்களும் சேகரித்து டென்மார்க்குக்கு அனுப்பினார். அப்போது கலிம்போங் ஒற்றர்களின் கூடாரம் என்று நேருவே சொல்லிக்கொண்டிருந்த நேரம். சந்தேகம் இவர் மேலும் விழுந்தது. 1957-ல் இந்தியாவைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. சேர்த்த விவரமெல்லாம் 1963-ல் பெரிய புத்தகமாக வந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கும். காதலுக்காக மகுடத்தைத் தூக்கிப்போட்டார், புத்தகம் எழுதினார், சுபம் என்று கார்டு போட்டிருக்கலாம். நானும் நண்பனிடம் அங்கேதான் நிறுத்துவதாக இருந்தேன். அவன்தான், "அப்புறம்?" என்றான்.

*

அப்புறம் 1964. கிரீஸில் ராஜா பால் இறந்தார். மகன் கான்ஸ்டன்டைன், 23 வயசு, ராஜா ஆனார். கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்தது யார்? தங்கை ஐரீன். எப்படியென்றால், 1952-ல் கிரீஸ் அரசியல் சட்டத்தை மாற்றி, ஆண் பிள்ளை இல்லாத இடத்தில் பெண்ணும் பட்டத்துக்கு வரலாம் என்று எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பு ஆண் வாரிசு மட்டும்தான். அந்தப் பழைய கணக்கில் பார்த்தால் அடுத்த ஆண் யார்? நம்மாள் பீட்டர்!

இரண்டாமவர் வீட்டுப் பிள்ளை, 55 வயதில் கிளம்பினார். 'பெண்களைச் சேர்த்ததே செல்லாது. அடுத்த வாரிசு நான்தான்' என்று பகிரங்கமாக அறிவித்தார். இரீனாவைக் கட்டியதால் போன உரிமையை ஐரீனிடமிருந்து பிடுங்கப் பார்த்தார். (பெயர்ப் பொருத்தம் என் கைவரிசை இல்லை, சரித்திரத்தினுடையது.)

எனக்கு இதுதான் தாங்கவில்லை. தான் இஷ்டப்பட்டவளைக் கட்டியதற்காகத் தன்னை வரிசையிலிருந்து தள்ளினார்களே, அது அநியாயம் என்று 25 வருஷம் நினைத்தவர். ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ஜனமும் குடும்பத்தையும் சொத்தையும் எத்தனை விதமாக அமைத்துக்கொள்கிறது என்று பார்த்தவர். வில் கொடுத்தவன்தான் அப்பா என்பதைக்கூடக் கேலி பண்ணாமல் எழுதினவர். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும், 'பொம்பளைப் பிள்ளைக்கு ஏது பங்கு?' என்றுவிட்டார்.

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏனென்றால் நண்பனின் கேஸ் கட்டில் இருப்பதும் அதுதான்.

பூர்வீகச் சொத்து. அப்பா வாயால் 'எனக்கு ஒரே பையன்' என்று சொன்னால் செல்லாது. இவனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. ராஜகுடும்பத்தைவிட மாந்தோப்புக் குடும்பத்தில் இந்த ஒரு வசதி. ஆகவே அப்பா, அண்ணன், இவன் என்று மூன்றில் ஒன்று கேட்டு வழக்குப் போட்டிருக்கிறான். கட்சிக்காரர்கள் எல்லாரையும் சேர்க்க வேண்டுமென்று வக்கீல் சொல்ல, அக்காவையும் மூணாவது எதிர்வாதியாகச் சேர்த்தான். அக்கா சும்மா இருப்பாள் என்று நினைத்தான். அக்கா பதிலுரை போட்டுவிட்டாள்: 'எனக்கும் நாலில் ஒன்று.'

அவள் சொல்வதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்திப் பெண்ணுக்கும் பிறப்புரிமை கொடுத்தாகிவிட்டது. 2005-ல் மத்திய சட்டமும் வந்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் அடித்துச் சொல்லிவிட்டது. ஆனால் நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்குத்தான் நகை போட்டுச் சீர் செஞ்சு கட்டிக்குடுத்தாச்சே. எனக்கு யாரு என்ன செஞ்சா?" என்று ஒரு வருஷமாக அதே பாட்டு. மூன்றில் ஒன்றுக்கும் நாலில் ஒன்றுக்கும் வித்தியாசம் பன்னிரண்டில் ஒன்று. பி.காம். படித்த இரண்டு பேரும் அதைப் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோம். சுமாராக ஏழு மாமரம்.

கல்யாணத்தன்று ராத்திரி அப்பா கதவைச் சாத்தியபோது, சிவகாசியிலிருந்து போன் பண்ணியது அந்த அக்கா ஒருத்திதான். சாட்சி நான்.

"அந்த ஆளு ஜெயிச்சாரா?" என்றான், கொஞ்ச நேரம் கழித்து.

"ஜெயிக்க அங்கே என்ன இருந்தது? 1967-ல ராஜாவே நாட்டை விட்டு ஓடுனார். 1974-ல ஓட்டெடுப்பு வச்சாங்க. ராஜாவே வேண்டாம்னு ஜனங்க சொல்லிட்டாங்க. எந்த நாற்காலிக்கு அடுத்தது யாருன்னு சண்டையோ, அந்த நாற்காலியையே எடுத்தாச்சு."

இந்த இடத்தில் சித்தப்பா மகன் பிலிப் ஞாபகத்துக்கு வருகிறார். 1947-ல் அவர் கிரேக்கப் பட்டம், டேனிஷ் பட்டம் எல்லாவற்றுக்கும் விடுதலைப் பத்திரம் மாதிரி எழுதிக்கொடுத்துவிட்டு, லண்டனில் மாப்பிள்ளையாகப் போய்விட்டார். கணக்குத் தெரிந்த ஆசாமி. பீட்டருக்கு அந்தக் கணக்கு வரவில்லை. கல்யாணத்தையும் விடவில்லை, உரிமையையும் விடவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை, அப்படியே கிடைத்திருந்தாலும் யாருக்கு விட்டுவிட்டுப் போயிருப்பாரோ!

1980 அக்டோபரில் லண்டனில் இறந்தார். கிரீஸில் டட்டோய் என்ற இடத்தில் ராஜகுடும்பத்துக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே தன்னைப் புதைக்க வேண்டும், இரீனா போகும்போது அவரையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இரீனாவுக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. அவருக்கு இல்லாத இடம் இவருக்கும் வேண்டாம். டென்மார்க்கில் ஒரு தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பத்து வருஷம் கழித்து இரீனாவும் அங்கேயே.

*

ஒன்றரை மணிக்கு கேஸைக் கூப்பிட்டார்கள். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தோம். அடுத்த மாசம் வாய்தா. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினார். கடைசிப் படியில் கொஞ்சம் தடுமாறினார். இவன் கை தானாக நீண்டது. அதற்குள் அவர் சமாளித்துக்கொண்டு போய்விட்டார். பார்த்தாரா, பார்க்கவில்லையா... அது அவருக்கே வெளிச்சம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டு பால்கோவா வாங்காமல் பஸ் ஏறினால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். நான் கால் கிலோ. நண்பன் அரைக் கிலோ சொன்னான். பிறகு, "அதை ரெண்டு கால் கிலோவா கட்டுங்க அண்ணாச்சி" என்றான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டான்: "அந்தப் பீட்டருக்குக் கூடப்பொறந்த பொண்ணு யாராவது உண்டா?"

"ஒரு தங்கச்சி. பேரு யூஜெனி."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஊரைத் தாண்டியது. மடியில் இருந்த இரண்டு பொட்டலத்தையும் ஒரு தடவை சரி பண்ணி வைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை சிவகாசி வரைக்கும் போலாமா மாப்ள? அதுவரைக்கும் பால்கோவா தாங்குமா?"

"தாங்கும். ஆனா மூணாவது எதிர்வாதிக்குப் பால்கோவா குடுக்கலாமான்னு வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்க."

"அவருக்கு எதுக்கு மாப்ள தெரியணும்?" என்றான்.